வன்தட்டின் இடாப்பு



விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது. நமது பாடசாலைகளிலுள்ள பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 நிறுவ இயலாது. அது வேண்டும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் அவற்றில் இல்லை. ஆதலால், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறுவதே தக்கதெனப் பண்டாரவளைப் பக்கத்து ஆசிரியர் சிலர் கருதுகின்றனர். அது நல்ல எண்ணமே. ஆனால், மாறும் வேளையில் கணினி ஒரு வினாவை எழுப்பும்: வன்தட்டை எந்தக் கோப்பு முறைமையில் அமைப்பது? நம்மிற் பெரும்பாலோர் அதனைப் படியாமலே சம்மதம் தெரிவித்துவிடுகின்றோம். அந்த வினாவைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

வன்தட்டினை எண்ணற்ற சிற்றறைகள் கொண்ட ஒரு களஞ்சியம் எனக் கொள்வோம். பெரிய கோப்பொன்று ஓரறையில் அடங்காது. பல அறைகளிற் பரந்து கிடக்கும். எந்தக் கோப்பு எவ்வறைகளில், எவ்வரிசையில் உள்ளது என்பதைக் குறித்துவைக்கும் இடாப்பும், அதனை எழுதும் ஒழுங்கும் சேர்ந்ததே கோப்பு முறைமை. இடாப்புச் சிதைந்தால், பொருள் களஞ்சியத்தில் இருந்தும் நமக்கு இல்லாததாகிவிடும்.

இவ்விடாப்பு முறைகளுள் முதியது எப்.ஏ.ரி. என்பது. 1977ஆம் ஆண்டளவில் நெகிழ்தட்டுகளுக்கெனப் பிறந்தது. அதன் வழிவந்த எப்.ஏ.ரி. 32 என்பது 1996இல் வெளிவந்தது. எளிமையே அதன் சிறப்பு. புகைப்படக் கருவியும் தொலைக்காட்சிப் பெட்டியுங்கூட அதனைப் படித்தறியும். எனினும், 4 கிகாபைற் அளவுள்ள தனிக் கோப்பொன்றை அது ஏற்காது. அதனினும் பெரிய குறை, தான் செய்யப்போகும் வேலையை முன்கூட்டிக் குறித்துவைக்கும் வழக்கம் அதற்கு இல்லை. இடாப்பில் ஒரு வரி எழுதி, மறுவரி எழுதுமுன் மின்சாரம் நின்றுவிட்டால், பாதி எழுதிய இடாப்பே எஞ்சும்.

மின்சாரம் நிற்பது நமக்குப் புதிதன்று. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடெங்கும் மின் தடைப்பட்டதற்குப் பாணந்துறை உப மின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்றே காரணம் என அமைச்சர் கூறியதைக் கேட்டோம். ஊவா மலைகளில் மாலை இடிமழையும் உண்டு. குரங்குக்கும் இடிக்கும் ஈடுகொடுக்கும் முறைமையே நமக்கு வேண்டும்.

1993இல் விண்டோஸ் என்.ரி.யுடன் வந்த என்.ரி.எப்.எஸ்., லினக்ஸில் 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 ஆகிய இரண்டும் அத்தகையன. பாடசாலையிற் சம்பவத் திரட்டுப் புத்தகம் வைத்திருக்கின்றோம் அல்லவா? அதுபோல், இடாப்பில் கைவைக்குமுன் செய்யப்போகும் மாற்றத்தை இவை ஒரு பதிவேட்டிற் குறித்துக்கொள்ளும். மின்சாரம் மீண்டதும் அப்பதிவேட்டைப் பார்த்து, இடாப்பை ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவரும். பேணப்படுவது பெரும்பாலும் இடாப்பேயன்றி, நீங்கள் தட்டச்சுச் செய்து சேமிக்காத கடிதம் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனவே, லினக்ஸ் மட்டும் இருக்கப்போகும் கணினிக்கு எக்ஸ்ட்4 போதும். லினக்ஸோடு விண்டோஸையும் வைத்திருக்க விரும்புவோர், இரண்டுக்கும் பொதுவான ஆவணப் பகுதியை என்.ரி.எப்.எஸ்.இல் அமைப்பது நன்று. எக்ஸ்ட்4 பகுதியை விண்டோஸ் இயல்பாகப் படிக்காது. அங்கும் ஓர் இடர் உண்டு. விண்டோஸிலுள்ள விரைவுத் தொடக்க வசதி, கணினியை முழுமையாக மூடாது அரைத்துயிலில் விட்டுவிடும். அந்நிலையில் அப்பகுதியில் எழுத லினக்ஸ் மறுக்கலாம். அவ்வசதியை முதலிலேயே நிறுத்திவிடுக.

கணினியில் இருப்பவை வினாத்தாள்கள் மட்டுமாயின் இத்துணைக் கவலை வேண்டுவதில்லை. இன்று பாடசாலைகள் சில தங்கள் பழைய சேர்விடாப்புகளைப் படமெடுத்துக் கணினியிற் சேர்த்து வைக்கின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தொட்டு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை, ஒரு காகிதம் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் இடையே தோட்ட மக்கள் பட்ட பாடு நாமறிந்ததே. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருவருக்கு, தாம் பிறந்த திகதியைக் காட்டுவதற்குச் சேர்விடாப்பின் ஒரு வரியே எஞ்சியிருக்கக் கூடும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடு அவ்வீடுகளிலிருந்த ஆவணங்களும் மண்ணுட் போயின. அத்தகையோர் மீண்டும் நாடிச் செல்லக்கூடிய இடங்களில் ஒன்று பாடசாலை அலுவலகம்.

ஆகவே ஒரு செய்தியை அழுத்திக் கூறுவேன். எப்.ஏ.ரி. 32இலிருந்து என்.ரி.எப்.எஸ்.க்கு உள்ளடக்கம் அழியாமல் மாற்ற விண்டோஸிலேயே ஒரு கட்டளை உண்டு. என்.ரி.எப்.எஸ்.இலிருந்து எக்ஸ்ட்4க்கு அவ்வாறான வழி இல்லை. தட்டைத் துடைத்தே அமைத்தல் வேண்டும். அதற்குமுன் எல்லாவற்றையும் வெளித்தட்டொன்றிற் பிரதி செய்க. அவ்வெளித்தட்டுக்கு 2006இல் வந்த எக்ஸ்எப்.ஏ.ரி. ஏற்றது, விண்டோஸும் இக்கால லினக்ஸும் அதனைப் படிக்கும். ஆயின் பதிவேடு அதற்கில்லை; கழற்றுமுன் முறைப்படி விடுவித்துக்கொள்க. பிரதியை வேறொரு கணினியிற் செருகி, சில பக்கங்களையேனும் திறந்து பாருங்கள். இரண்டாம் பிரதியொன்று பாடசாலைக்கு வெளியே, மண்சரிவு அபாயமில்லாத இடத்தில் இருக்கட்டும். நான்கைந்து கணினிகள் உள்ள அறைக்கு இவ்வேலை ஒரு சனிக்கிழமையில் முடியக்கூடியதே. அதிற் பெரும்பொழுது பிரதி எடுப்பதற்கும் சரிபார்ப்பதற்குமே செல்லும்.