கடலடியைக் காட்டும் நூல்

திருக்கோணமலைக் கடலைக் கரையில் நின்று வியந்தோர் பலர். ஆர்தர் சி. கிளார்க் என்னும் எழுத்தாளரோ அதனுள் மூழ்கிக் கண்டார். கோணேசர் மலையடியில் கடல்கொண்ட கோயிலின் சிதைவுகளையும் கண்டார். இலங்கைக் கடலடியைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1957இல் வெளிவந்தது.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாயிற்று. 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. எனினும், சட்டம் தடுத்த பின்னும், வெடிவைத்து மீன்பிடிக்கும் வழக்கம் இம்மாவட்டக் கடலை விட்டு முற்றாக அகன்றிலது. ஒரு வெடிக்குப் பாரையும் சூடையும் மட்டுமா மடிகின்றன? குஞ்சுகளும் மடிகின்றன, ஆண்டுக்கு ஒருசில விரற்கடையே வளரும் பவளமும் பொடியாகின்றது. வெடியெறிபவன் மிதக்கும் மீனையே காண்கின்றான். அடியில் நிகழும் அழிவைக் காண்பதில்லை. அதனைக் காட்டவல்லது நூல். மீனவர் நாவில் வழங்கும் மீன்பெயர்களோடு அத்தகையதொன்று தமிழில் எழுதப்பெற்று, குச்சவெளி, மூதூர்ப் பாடசாலை நூல்நிலையங்களிலே வைக்கப்பெறல் வேண்டும்.