வழியை மூடிய சட்டம்: அகதிகளின் பயணமும் குடும்ப இணைவும்

 

அகதிகளைப் பற்றித் தமிழில் நிறையவே பேசியிருக்கிறோம். விட்டுவந்த ஊரைப் பேசினோம். வந்துசேர்ந்த நாட்டின் குளிரையும் தனிமையையும் பேசினோம். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் பயணத்தை அவ்வளவாகப் பேசவில்லை. அந்தப் பயணத்தில் பின்தங்கிப்போன மனைவியையும் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது அதைவிடக் குறைவு. பாதுகாப்பான வழி, குடும்ப இணைவு என்னும் இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்த்து வைத்தமைக்காக இம்மாநாட்டைப் பாராட்டுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகதி உயிரைப் பணயம் வைத்துப் படகேறும் நிலை இயற்கையாக வந்ததில்லை. சட்டம் போட்டு உண்டாக்கப்பட்டது. படகுக்காரனுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இருந்தால் விமானச் சீட்டு வாங்கிவிடலாம். சீட்டு வாங்கினாலும் விமானத்தில் ஏற விடமாட்டார்கள். ஏன் விடமாட்டார்கள் என்பதில்தான் இந்த மாநாட்டின் பொருள் அடங்கியிருக்கிறது.

1951-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். அதன் 33-ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பியனுப்பக் கூடாது என்கிறது. ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் சென்று, தக்க காரணம் காட்டுபவரை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 31-ஆம் பிரிவு. ஆனால், அகதி எந்த வழியாக வந்துசேர்வது என்பதற்கு உடன்படிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. மண்ணில் கால் வைத்த பிறகுதான் பாதுகாப்பு. அரசுகள் இந்த இடைவெளியை விரைவிலேயே கண்டுகொண்டன. கால் வைத்தால்தானே பொறுப்பு? கால் வைக்க விடாமல் செய்துவிட்டால் உடன்படிக்கையை மீறிய பழியும் இல்லை.

இந்த வரலாற்றின் முதல் பக்கங்களில் தமிழர்கள் இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பிரிட்டனில் தஞ்சம் கேட்கத் தொடங்கினர். 1985-இல் இலங்கையருக்கு விசா கட்டாயம் என்று பிரிட்டன் அறிவித்தது. காமன்வெல்த் நாடுகளில் இந்த நிபந்தனைக்கு முதன்முதலில் ஆளானது இலங்கைதான். 1987 பிப்ரவரியில், திருப்பியனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, தமிழர் குழு ஒன்று ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தது. சில வாரங்களுக்குள் சட்ட முன்வரைவு வந்தது. அந்த ஆண்டே அது சட்டமும் ஆயிற்று. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவந்தால், ஒரு பயணிக்கு 1,000 பவுண்டு வீதம் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும் என்றது அச்சட்டம். 1991-இல் தொகை இரட்டிப்பாயிற்று. 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதே போன்ற அபராதத்தை உறுப்பு நாடுகளுக்குப் பொதுவாக்கியது.

இதனால் ஒருவர் அகதியா இல்லையா என்னும் கேள்வி, நீதிபதியிடம் போவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் கவுண்டரில் முடிந்துவிடுகிறது. அங்கே நிற்கும் ஊழியர் உயிராபத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. விசா இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். தஞ்சம் கோருவதற்கென்று ஒரு விசாவோ பெரும்பாலான நாடுகளில் கிடையாது.

இப்படி மூடிய கதவுக்கு வெளியே உருவானதுதான் நம்மவர்கள் ‘ஏஜென்சிக்குக் காசு கட்டுவது’ என்று சொல்லும், கள்ளத்தனமாக ஆள் கடத்தும் தொழில். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 150-க்கும் மேற்பட்ட தமிழர்கள் தத்தளித்தார்கள். ஜெர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்ட அவர்களைக் காப்பாற்றியவர்கள் அவ்வூர் மீனவர்கள். எல்லாரும் இப்படிப் பிழைக்கவில்லை. 1996 கிறிஸ்துமஸ் இரவில் மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே மூழ்கிய படகோடு இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் என ஏறத்தாழ 280 பேர் இறந்தார்கள். சிசிலியின் போர்ட்டோபாலோ ஊர் மீனவர்களின் வலைகளில் உடல்கள் சிக்கின. வீண் தொல்லை என்று அஞ்சி அவற்றைக் கடலிலேயே போட்டார்கள். வலையில் கிடைத்த ஒரு தமிழ் இளைஞனின் அடையாள அட்டைதான் பின்னாளில் துப்பானது. 2001-இல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஜொவான்னி மரியா பெல்லு படகின் இடிபாட்டைக் கண்டறிந்த பிறகே உலகம் அதை நம்பியது.

இப்போது சிரியர், ஆப்கானியர், சூடானியர், எரித்திரியர் அதே வழியில் போகிறார்கள். பிரான்சின் கலே துறைமுகத்தில் வேலிகள் உயர்ந்து, லாரியிலும் ரயிலிலும் ஏற முடியாமல் போனதும், மக்கள் ரப்பர் படகுக்கு மாறினார்கள். ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகில் கடந்தவர்கள் 2018-இல் ஏறத்தாழ 300 பேர். 2022-இல் 45,000-க்கும் மேல். ஒரு வழியை அடைத்தால் பயணம் நிற்பதில்லை, ஆபத்து கூடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2024-இல் மட்டும் உலகெங்கும் இடப்பெயர்வு வழிகளில் 8,900-க்கும் மேற்பட்ட மரணங்களைப் பன்னாட்டு இடப்பெயர்வு அமைப்பு பதிவு செய்திருக்கிறது. பதிவாகாதவை இந்தக் கணக்கில் இல்லை.

சட்டம் மூடிய வழியைச் சட்டமே திறந்த வரலாறும் உண்டு. 1979-இல் வியட்நாமிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகப் படகுகளில் வெளியேறினார்கள். கடற்கொள்ளையிலும் புயலிலும் எண்ணற்றோர் மாண்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையமும் வியட்நாம் அரசும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒழுங்கான புறப்பாட்டுத் திட்டம் என்று அதற்குப் பெயர். விண்ணப்பித்து, நேர்காணல் முடித்து, விமானத்தில் போகலாம். வெளிநாட்டில் குடும்பத்தார் இருப்பது முதன்மைத் தகுதிகளுள் ஒன்று. 1990-களின் இறுதிக்குள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வழியில் சென்று சேர்ந்தார்கள். படகுகள் உடனே நின்றுவிட்டனவா என்றால், இல்லை. திட்டம் மெதுவாக நடந்தது, வெளியேறும் அனுமதி வியட்நாம் அரசின் கையில் இருந்தது. 1980-களின் இறுதியில் படகுகள் மீண்டும் பெருகின. ஆய்வாளர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை. பாதுகாப்பான வழி என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. அது காத்திருக்கக்கூடிய கால அளவிலும், தேவைக்கு ஏற்ற எண்ணிக்கையிலும் இருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

அண்மையிலும் இப்படி வழி திறந்ததுண்டு. 2022 மார்ச் 4-ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரேனியருக்குத் தற்காலிகப் பாதுகாப்பை நடைமுறைப்படுத்தியது. 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அவர்கள் ரயிலிலும் பேருந்திலும் வந்தார்கள். உறவினர் இருக்கும் நாட்டைத் தேர்ந்துகொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய அவர்களுக்குக் கடத்தல்காரர்கள் தேவைப்படவில்லை. இத்தாலியில் 2016 முதல் சாந்த் எஜிதியோ என்னும் கத்தோலிக்கச் சமூகமும் புராட்டஸ்டன்ட் திருச்சபைகளும் அரசோடு சேர்ந்து மனிதநேய வழித்தடங்களை நடத்துகின்றன. லெபனானில் இருக்கும் அகதிகளுக்கு அங்கேயே பாதுகாப்புச் சோதனை முடிந்து, தூதரகம் விசா தருகிறது. வந்தவர்களைக் குடியமர்த்தும் செலவை இந்த அமைப்புகளே ஏற்கின்றன. எண்ணிக்கை சிறியது, சில ஆயிரம்தான். ஆனால் முடியாது என்று சொன்னவர்களுக்கு அது பதில்.

அடுத்து, குடும்ப இணைவு. 1951 உடன்படிக்கையில் இதற்கும் பிரிவு இல்லை. உடன்படிக்கையை உருவாக்கிய மாநாட்டின் இறுதி ஆவணத்தில் ஒரு பரிந்துரை மட்டும் இருக்கிறது: அகதியின் குடும்ப ஒற்றுமையை அரசுகள் காக்க வேண்டும் என்று. 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், இத்தகைய விண்ணப்பங்களை மனிதநேயத்தோடும் விரைவாகவும் கையாள வேண்டும் என்றது. நடைமுறை என்ன? குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள், அவ்வளவுதான். பத்தொன்பது வயது மகளைப் போர் நடக்கும் ஊரில் விட்டுவிட்டு மற்றவர்கள் விமானம் ஏற வேண்டும். விதவைத் தாய்க்கு இடமில்லை. தனியாக வந்த சிறுவன் பிரிட்டனில் அகதி அந்தஸ்து பெற்றாலும் பெற்றோரை அழைக்க அவனுக்கு உரிமை இல்லை. விண்ணப்பிக்கத் தூதரகம் போக வேண்டும்; தூதரகம் இல்லாத நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் அனுமதியில்லாமல் எல்லை தாண்டிப் போய், சட்டப்படி வருவதற்கான விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. குண்டு விழுந்து எரிந்த அரசு அலுவலகத்தின் பதிவேட்டிலிருந்து பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள்.

இந்தச் சிறிய வாசலும் குறுகி வருகிறது. 2025 ஜூலையில், அகதி அந்தஸ்துக்குக் குறைவான துணைநிலைப் பாதுகாப்புப் பெற்றவர்களின் குடும்ப இணைவை ஜெர்மனி இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் அகதிகளுக்கான குடும்ப இணைவுக்குப் புதிய விண்ணப்பங்கள் பெறுவதை நிறுத்தி, எல்லாரையும் போலப் பொதுக் குடும்ப விசாவுக்குப் போகச் சொன்னது. அதற்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். முகாமிலிருந்து நேற்று வெளியே வந்தவர் எங்கே போவார்? நீதிமன்றங்கள் சில இடங்களில் கை கொடுத்திருக்கின்றன. தனியே வந்த சிறுவருக்குத் தஞ்ச வழக்கு நடக்கும்போதே 18 வயது நிரம்பினாலும் பெற்றோரை அழைக்கும் உரிமை போகாது என்று 2018-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. மூன்றாண்டுகள் கட்டாயம் காத்திருக்க வைத்த டென்மார்க்கின் விதி குடும்ப வாழ்வுரிமைக்கு எதிரானது என்று 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காகிதத்தில் உள்ள குடும்பத்துக்கு மட்டுமே வழி விட்டால், காகிதக் குடும்பங்கள் உருவாகும். 2015-இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தில், ஒருவரையொருவர் அறியாத மூவர் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போகிறார்கள். அதைப் பொய் என்று கண்டிப்பவர்கள், உண்மையான உறவுகள் வந்துசேர என்ன வழி வைத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். வாசலைத் திறந்தால் கூட்டம் பெருகும் என்கிறார்கள். குடும்ப இணைவில் வருபவர் யார், எத்தனை பேர் என்பது முன்பே தெரியும். பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். வந்தவுடன் தங்க வைக்கவும் மொழி சொல்லிக் கொடுக்கவும் ஒருவர் அங்கே காத்திருக்கிறார். அரசு திட்டமிட்டுக் கையாளக்கூடிய இடப்பெயர்வு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். சிறுவனை முன்னால் அனுப்பிப் பெற்றோர் பின்னால் வருவார்கள் என்பது அடுத்த வாதம். குடும்பத்தோடு சேர்ந்து வர வழி இருந்தால் சிறுவனைத் தனியே அனுப்பும் தேவையே எழாது.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 1983 முதல் வந்த ஈழத்தமிழர்களுக்குத் தமிழ்நாடு இடம் கொடுத்தது உண்மை. முகாம்களுக்கு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியதும் உண்மை. ஆனால் குடும்ப இணைவு இங்கே உரிமையாக எங்கும் எழுதப்படவில்லை. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் வந்தவர்களைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடி அருகே மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஐரோப்பாவிடம் நியாயம் கேட்கும் நாம் இதையும் கேட்டாக வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு மூன்று வேண்டுகோள். பயணம் செய்து வந்த முதல் தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அவர்கள் வந்த வழிகளை, கட்டிய பணத்தை, பிரிந்திருந்த ஆண்டுகளை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யுங்கள். பெயரையும் அடையாளத்தையும் காத்துப் பதிவு செய்யுங்கள். குடும்ப இணைவு குறித்த முக்கியத் தீர்ப்புகளை, வழக்குப் போட்டிருப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதுங்கள். தாயும் தம்பி தங்கையும் சேர்ந்ததே குடும்பம் என்னும் நம் வாழ்முறையைச் சட்டத்தின் முன் வைக்கத் தக்க சமூகவியல் சான்றுகளைத் திரட்டுங்கள்.

நிறைவு அமர்வில் இம்மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தஞ்சம் கோரிப் பயணம் செய்ய விசா வேண்டும். நிறுத்திய குடும்ப இணைவை மீண்டும் தொடங்க வேண்டும். தனியே வந்த சிறுவர்க்குப் பெற்றோரை அழைக்கும் உரிமை வேண்டும். இந்தியாவில் அகதிகளுக்கென ஒரு சட்டம் வேண்டும். விசாவும் அபராதமும் கொண்டு வழியை அடைக்கும் முறை தன்மேல் சோதிக்கப்பட்டதைக் கண்ட இனம் நாம். அந்த வழியைத் திறக்கச் சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. படகுகளை நிறுத்த விரும்பும் அரசுகள் முதலில் விசா கவுண்டரைத் திறக்கட்டும்.