நெஞ்சுக்குள் ஒரு மோட்டார்

(புதுக்கோட்டை மாவட்ட ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையில் உங்களில் ஒருவர் எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டாக்டர், தளர்ந்துபோன இருதயத்துக்கு மோட்டார் வைக்கிறார்களாமே. நாங்கள் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டால் நம் நோயாளி ஒருவருக்காவது வைக்க முடியாதா?" நேரமாகிவிட்டது, பிறகு சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். நேரமானது உண்மைதான், ஆனால் பதிலும் என்னிடம் ஆயத்தமாக இல்லை. இன்றைக்கு அதையே பேசுகிறேன்.

அவர் யாரை மனதில் வைத்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவர். வயது இன்னும் நாற்பது ஆகவில்லை. இருதயத் தசை மெலிந்து, பை போல விரிந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கிறார்.

நல்ல இருதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 7,000 லிட்டர். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ளதில் பாதிக்குமேல் வெளியே தள்ளவேண்டும். இவருக்கு ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது. மீதி பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் கோர்க்கிறது. மடை அடைத்துக்கொண்டால் வயலில் தண்ணீர் நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருதயத்துக்கு இயந்திரத் துணை என்பது புதிய யோசனை அல்ல. 1953-இல் அமெரிக்காவில் டாக்டர் ஜான் கிப்பன் இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அறுவை செய்து ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். 1960-களின் தொடக்கத்தில் நம்முடைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் திறந்த இருதய அறுவை நடந்தது. ஆனால் அந்த இயந்திரம் அறுவை நடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டுமே. நாள்கணக்கில் துணை நிற்கும் பம்பை 1966-இல் ஹூஸ்டனில் டாக்டர் மைக்கேல் டிபேக்கி 37 வயதுப் பெண் ஒருவருக்குப் பொருத்தினார். 10 நாளில் இருதயம் தேறியது, பம்பை எடுத்துவிட்டார்கள், அவர் வீடு திரும்பினார்.

அதற்குப் பின் வந்த பம்புகள் நம் ஊர் அடிகுழாயைப் போன்றவை. அழுத்தும்போது ஒரு தடவை கொட்டும், பிறகு நிற்கும். பெரியவை, சீக்கிரம் தேய்ந்தும் போயின. இப்போதையது போர்வெல்லில் இறக்கும் மோட்டாரைப் போல இடைவிடாமல் ஓடுகிறது. ஹார்ட்மேட் 3 என்ற பம்பின் எடை சுமார் 200 கிராம். உள்ளே இருக்கும் சக்கரம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதந்து, நிமிடத்துக்கு 5,000 தடவைக்குமேல் சுற்றுகிறது. இருதயத்தை எடுத்துவிட்டு வைப்பதல்ல இது. இடது கீழறையின் நுனியில் பொருத்தி, இரத்தத்தை உறிஞ்சி மகாதமனியில் சேர்ப்பார்கள். ஓட்டம் இடைவிடாதது என்பதால் இப்படிப்பட்டவரின் கையைப் பிடித்தால் பல வேளைகளில் நாடி அகப்படாது. விஷயம் தெரியாத நர்ஸ் பயந்தே போவார்!

பலன் உண்டா? உண்டு. 2001-இல் வெளியான ஆய்வில், மருந்தை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குப்பின் நூற்றுக்கு 25 பேரே உயிரோடிருந்தார்கள். பழைய வகைப் பம்பு பெற்றவர்களில் 52 பேர். ஹார்ட்மேட் 3 பெற்றவர்களிலோ ஐந்தாண்டுக்குப் பின்னும் நூற்றுக்கு 58 பேர் இருந்தார்கள் என்று 2022-இல் அறிவித்தார்கள். சென்னையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் குழுவினர் இப்படிப்பட்ட பம்புகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே இது எங்கோ சீமையில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல.

இதையெல்லாம் அந்த டிராக்டர்காரருக்கும் அவர் மனைவிக்கும் விளக்கினேன். பம்பிலிருந்து ஒரு கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும்; அது இடுப்பிலுள்ள சிறு பெட்டியோடும் இரண்டு பேட்டரிகளோடும் சேர்ந்திருக்கும்; முழுதாகச் சார்ஜ் ஏறிய ஜோடி அதிகபட்சம் 17 மணி நேரம் தாங்கும் என்றேன். அந்த அம்மாள் கேட்டார்: "அய்யா, எங்க ஊர்ல கரண்ட் போனா?"

எந்தப் புத்தகமும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம், கந்தர்வகோட்டைப் பக்கம் தென்னையும் கம்பங்களும் ஒன்றாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் உள்ள இடத்தைத் தேடி அலைந்தோம். அப்போது அந்த வீட்டில் நெஞ்சுக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால்?

மின்சாரம் ஒன்று மட்டுமல்ல. கம்பி வெளிவரும் புண்ணை நாள் தவறாமல் சுத்தமான கையால் கட்டவேண்டும். குளத்தில் இறங்கிக் குளிக்கக்கூடாது. நம் ஜில்லாவில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பம்புக்குள் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை வேண்டும், அளவு சரிதானா என்று அடிக்கடி இரத்தம் பார்க்கவேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் குடலிலோ மூளையிலோ கசியும். செலவோ, சாதனமும் அறுவையும் சேர்த்து ஒரு கோடி ரூபாயைத் தொடும்.

மாற்று இருதயம் கிடைத்தால் மின்சாரக் கவலை இல்லை. 1994 ஆகஸ்டு 3-இல் டில்லியில் டாக்டர் வேணுகோபால் நாட்டின் முதல் இருதய மாற்று அறுவையைச் செய்தார். 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற பையன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவனுடைய இருதயம் சென்னையில் ஒரு சிறுமிக்குப் போனது. உறுப்புதானம் என்ற சொல் நம் கிராமத்துத் திண்ணைகளுக்கும் வந்தது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பொருத்தமான இருதயம் வரும்வரை காத்திருக்கவேண்டும். அதுவரை தாங்கவே பலருக்குப் பம்பு வைக்கிறார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பம்புக்கென்று இப்போது பணம் சேர்க்கவேண்டாம். அந்த ஒரு கோடியில் எத்தனையோ பேரைப் பம்பு தேவைப்படும் நிலைக்கே போகாமல் வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். தளர்ந்த இருதயத்துக்கு இன்று நான்கு வகை மருந்துகள் உண்டு. அவற்றில் டபாக்ளிஃப்ளோசின் மாத்திரையின் காப்புரிமை 2020-இல் முடிந்ததும் விலை இறங்கிவிட்டது. சாக்குபிட்ரில் மருந்தும் 2023-க்குப்பின் எட்டும் விலைக்கு வந்திருக்கிறது. மருந்து மலிந்தும், மூன்றாம் மாதம் நிறுத்திவிடுகிறார்கள். "கால் வீக்கம் வத்திருச்சு, எதுக்கு மாத்திரை?" என்பார்கள். கருவாடும் ஊறுகாயும் திரும்ப இலைக்கு வரும். பிறகு ஒரு ராத்திரி ஆட்டோவில் நுரை தள்ளக் கொண்டுவருவார்கள். இதைத் தடுக்க வீட்டுக்கு வீடு போகும் ஒரு நர்சும், எடை பார்க்கும் ஒரு தராசும் போதும்.

இந்தக் கணக்கைச் சொன்னபோது நம் மருத்துவமனையிலேயே மூத்த சகோதரி ஒருவர் என்னை விடவில்லை. "நூறு பேர் கணக்குச் சரி டாக்டர். அந்த ஒருத்தன் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்லுங்களேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் இல்லை.

சென்னைக்கு அவருடைய காகிதங்களை அனுப்பியிருக்கிறேன், மாற்று இருதயத்துக்குப் பெயர் பதிய முடியுமா என்று கேட்டு. அடுத்த மாதம் வரச்சொல்லியிருக்கிறார்கள். நான்கு மருந்துகளும் ஓடுகின்றன. காலையில் எழுந்ததும் எடை பார்த்து, மகளின் பழைய பள்ளி நோட்டில் எழுதுகிறார். போன செவ்வாய் கொண்டுவந்து காட்டினார்: 61, 61, 60½. இரண்டு தலையணை வைத்துப் படுக்க முடிகிறதாம். ரயிலுக்கு யார் கூடப்போவது என்பதுதான் அந்த வீட்டில் இப்போது பேச்சு.