பட்டர்வொர்த்தில் வீடு தேடுமுன்



தோட்டத்து வீடு பெரும்பாலும் வேலை உள்ளவரைதான் நமக்கு நிழல் தருகிறது. ஓய்வு பெற்றதும் அதனைத் திருப்பி ஒப்படைக்க வேண்டியவர்களாகிறோம். ஆகவே, உடலில் உழைக்கும் வலிமை இருக்கும்போதே சொந்த வீட்டுக்கு வழி தேடுவது நமது கடமையாகும்.

வட மாநிலத் தோட்டங்களில் வாழும் நமக்கு அருகிலுள்ள கடற்கரை நகரம் பட்டர்வொர்த். எதிரேயுள்ள பினாங்குத் தீவில் நிலம் குறைவு. வீட்டு விலையோ அதிகம். இக்கரையில் அதைவிடக் குறைந்த விலைக்கு வீடு கிடைக்கிறது. 1985-இல் முதற் பாலமும், 2014-இல் இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டன. படகுப் போக்குவரத்தும் உண்டு. எனவே, தீவில் வேலை செய்வோரும் இக்கரையில் குடியிருக்கலாம்.

எந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பது? மாக் மண்டினில் தொழிற்சாலைகளும் தமிழ்ப்பள்ளியும் உள்ளன. முதற் பாலத்தை அடுத்துள்ள செபராங் ஜெயாவில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது; முதியோர் உள்ள குடும்பங்களுக்கு இது பேருதவி. தெற்கேயுள்ள பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தது. இன்று அங்கே தொழிற்பேட்டையும் புதுக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. ஆயினும், சொந்த வாகனம் இல்லாதோர் பேருந்து வசதியை முதலில் விசாரித்தறிதல் நன்று.

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தவறு. அடுக்குமாடி வீட்டை வாங்குவோர் பராமரிப்புக் கட்டணத்தையும், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் பத்து விழுக்காட்டைச் சேமிப்பு நிதிக்கும் செலுத்த வேண்டும். பலர் இதனைச் செலுத்தத் தவறினால் மின்தூக்கி பழுதாகி நிற்கும். அப்பொழுது மேல்மாடியிலுள்ள வயோதிகப் பெற்றோர் என்ன செய்வர்? மேலும், நிலம் நிரந்தர உரிமையுடையதா, குத்தகையா எனக் கேட்க வேண்டும். குத்தகையாயின் எஞ்சியுள்ள ஆண்டுகள் எத்தனை என்பதையும் அறிதல் அவசியம். 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் செபராங் பிறையின் பல இடங்கள் நீரில் மூழ்கின. ஆதலால், அக்கம்பக்கத்தாரிடம் வெள்ளத்தைப் பற்றியும் விசாரிப்போமாக.

ஊழியர் சேமநிதியின் ஒரு பகுதியை வீடு வாங்குவதற்கு எடுக்கலாம். ஆனால், அதுவே நமது முதுமைக்கும் சோறு போட வேண்டிய பணம் என்பதை மறத்தலாகாது. மாதத் தவணை, பராமரிப்பு, போக்குவரத்து ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்ப்போம். கூட்டுத்தொகை நம் வருமானத்துக்குள் அடங்கினால் மட்டுமே கையொப்பமிடுவோம்.

இன்று கணக்குப் பார்க்கும் குடும்பம் ஓய்வு நாளில் கலங்காது.