கையெழுத்தும் தலையெழுத்தும்: அக்கா பையனும் நானும் எழுதக் கத்துக்கிட்ட கதை

(எபிசோடில் பேசினதை, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கேன்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். கடைசியா நீங்க பேனா எடுத்து ஒரு முழுப் பக்கம் தமிழ்ல எழுதினது எப்போ? பேங்க்ல கையெழுத்துப் போட்டதெல்லாம் கணக்குல வராது. ஒரு முழுப் பக்கம்.

என் பதில், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை. அதுக்கப்புறம் இன்ஜினியரிங் நாலு வருஷமும் இங்கிலீஷ். வேலைக்கு வந்ததும் அதுவும் போச்சு, எல்லாமே கீபோர்டு. இதைப் பத்தி நான் கவலைப்பட்டதே இல்ல. நம்ம வீடுகள்ல ஒரு சமாதானம் தயாரா இருக்குமே, "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது"ன்னு. என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அப்படின்னா நான் எங்கேயோ போகப் போறேன்னு அம்மா நம்பினாங்க. பெங்களூர் வரைக்கும்தான் போனேன்.

இந்தச் சமாதானம் ஒரு குழந்தைகிட்ட வேலை செய்யலன்னு தெரிஞ்ச கதைதான் இன்னைக்கு.

திங்கக்கிழமை வயித்து வலி

போன வருஷம் ஆபீஸ்ல பேசி, மூணு மாசம் திண்டுக்கல்ல வீட்டுல இருந்தே வேலை பார்த்தேன். அக்கா வீடு அடுத்த தெரு. அக்கா பையனுக்கு ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு. வாய் ஓயாது. திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பத்திக் கேட்டா அரை மணி நேரம் பேசுவான். அதையே எழுதுன்னா மூணு வரி வராது.

திங்கக்கிழமை ஆனா அவனுக்கு வயித்து வலி. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டார். அப்புறம்தான் கவனிச்சோம், திங்கக்கிழமைதான் ஸ்கூல்ல சொல்வதை எழுதுதல். பையில தேடினா தமிழ் நோட்டு இல்ல. பீரோவுக்குப் பின்னாடி மூணு நோட்டு ஒளிச்சு வச்சிருந்தான். ஒரு பக்கத்துல சிவப்பு மையில கொட்டை எழுத்துல, "இதை யார் படிப்பது?"

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அஞ்சாம் வகுப்புல என் நோட்டை வகுப்பு முழுக்கச் சுத்த விட்டாங்க. எல்லாரும் பார்த்துச் சிரிச்சுட்டு அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்தாங்க. அதை நான் எப்பவோ மறந்துட்டேன்னு நினைச்சிருந்தேன்.

"அக்கா, இவனுக்கு நான் சொல்லித் தர்றேன்"னு பெருசா சொல்லிட்டேன்.

நான் செஞ்ச தப்பு

முதல் வாரம் என்ன செஞ்சேன்? எனக்கு என்ன செஞ்சாங்களோ அதையே செஞ்சேன். ரெட்டை வரி நோட்டு வாங்கி, மேல ஒரு வரி நானே எழுதி, "இதே மாதிரி பத்து தடவை எழுது." அவன் எழுதினான். முதல் வரி சுமார், ரெண்டாவது கோணல், பத்தாவது வரி முதல் வரியை விட மோசம். அஞ்சாம் நாள் பென்சிலை வச்சுட்டுக் கேட்டான்: "மாமா, உங்க எழுத்தே நல்லா இல்லையே. நான் எதைப் பார்த்து எழுதுறது?"

நியாயமான பக் ரிப்போர்ட். பதில் இல்ல.

அப்புறம் புள்ளி வச்ச எழுத்து மேல எழுதுற புத்தகம் வாங்கினேன். அது மேல அழகா எழுதினான். பக்கத்துல வெள்ளைத் தாள்ல எழுதச் சொன்னா பழைய கதை. ஏன்னு தேடினப்ப ஒரு ஆராய்ச்சி கிடைச்சது. அமெரிக்காவுல இந்தியானா பல்கலைக்கழகத்துல கேரின் ஜேம்ஸ்ங்கிறவங்க 2012-ல வெளியிட்டது. இன்னும் வாசிக்கத் தெரியாத அஞ்சு வயசுக் குழந்தைகள். சில எழுத்துகளைத் தாங்களே எழுதினாங்க, சிலதைக் கோட்டு மேல வரைஞ்சாங்க, சிலதை டைப் அடிச்சாங்க. அப்புறம் அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையை ஸ்கேன் பண்ணாங்க. வாசிப்புக்கு உதவுற பகுதிகள் நல்லா வேலை செஞ்சது, தானே எழுதின எழுத்துகளுக்குத்தான்.

அவங்க சொல்ற விளக்கம் எனக்குப் பிடிச்சது. குழந்தை தானா எழுதும்போது 'க' ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வரும். ஒண்ணு குண்டு, ஒண்ணு சப்பை, ஒண்ணு சாய்ஞ்சது. இத்தனைக்கும் நடுவுல மாறாத 'க' எதுன்னு மூளை கத்துக்குது. நம்ம பாஷையில, மாடலுக்கு விதவிதமான டேட்டா கிடைக்குது. கோணல் எழுத்துக்கும் ஒரு வேலை இருக்கு. அதைப் பார்த்துச் சிரிச்சா குழந்தை எழுதுறதையே நிறுத்திடும். டேட்டா அதோட நின்னுடும்.

காந்தி தாத்தா வெட்கப்பட்ட விஷயம்

எங்க ஊர்ல இருந்து மதுரை ரோட்டுல போனா சின்னாளபட்டி பக்கத்துல காந்திகிராமம். 1947-ல டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கினது. கையால வேலை செஞ்சுகிட்டே படிக்கிறதுங்கிற காந்தியோட கல்வி யோசனையை எடுத்து வளர்த்த இடம். சின்ன வயசுல அந்த வழியா எத்தனையோ தடவை பஸ்ல போயிருக்கேன். ஆனா காந்தி கையெழுத்தைப் பத்தி எழுதியிருக்கார்னு தெரியாது.

சத்திய சோதனையில அதைச் சொல்றார். படிப்புக்கு நல்ல கையெழுத்து அவசியம் இல்லன்னு சின்ன வயசுல எப்படியோ ஒரு நினைப்பு, லண்டன் போற வரைக்கும் அதே நினைப்பு. அப்புறம் தென்னாப்பிரிக்காவுல வக்கீல்களோட எழுத்தையும், அங்கேயே பிறந்து படிச்ச இளைஞர்களோட எழுத்தையும் பார்த்து வெட்கப்பட்டாராம். மாத்த முயற்சி பண்ணார், ஆனா காலம் கடந்துடுச்சுன்னு எழுதுறார். மோசமான கையெழுத்தை அரைகுறைப் படிப்போட அடையாளமாத்தான் எடுத்துக்கணும்னு அவருக்கு அவரே தீர்ப்பும் சொல்லிடறார்.

அதே காந்திதான் 1909-ல கப்பல்ல வரும்போது பத்து நாள்ல 'இந்திய சுயராஜ்யம்' புத்தகத்தைக் கையால எழுதி முடிச்சார். வலது கை வலிச்சப்ப இடது கையால எழுதினார். 275 பக்கத்துல சுமார் 40 பக்கம் இடது கை. தலையெழுத்தை மாத்த அழகான கையெழுத்து தேவையில்லன்னு இதை வச்சே வாதாடலாம். ஆனா ஒரு நாட்டையே அசைச்ச மனுஷன் வயசானப்புறமும் இதுக்கு வருத்தப்பட்டிருக்கார் பாருங்க. அழகு போனதுக்காக மட்டும் இருக்காது. எழுதும்போதெல்லாம் உள்ள ஒரு கூச்சம் இருந்துகிட்டே இருக்கே, அதுவும்தான்னு எனக்குத் தோணுது.

அவர் ஒரு வழியும் சொல்றார். குழந்தைக்கு எழுத்துக்கு முன்னாடி வரையக் கத்துக் கொடுங்க. பூவையும் பறவையையும் கவனிக்கிற மாதிரி எழுத்தையும் கவனிச்சுப் பழகட்டும், வரைய வந்தப்புறம் எழுதட்டும்.

தும்பிக்கை லை

இதைப் படிச்ச வாரமே ஒரு விஷயம் நடந்தது. பாட்டி பெட்டியில இருந்து தாத்தா எழுதின பழைய இன்லாண்ட் லெட்டர் ஒண்ணு கிடைச்சது. பையன் எழுத்துக் கூட்டி வாசிச்சான். "வேலை"ங்கிற வார்த்தையில நின்னுட்டான். "மாமா, இங்க ஒரு யானை இருக்கு!"

பழைய லை. ல-வுக்கு முன்னாடி ஐகாரக் கொம்பு தனியா நிக்காம, தலைமேல தும்பிக்கை மாதிரி வளைஞ்சு இருக்கும். ணை, ளை, னை எல்லாம் அப்படித்தான். ணா, றா, னாவுக்கும் துணைக்கால் கிடையாது, எழுத்தே சுழிச்சு இறங்கும். பெரியார் 1935-லயே தன் பத்திரிகையில இதையெல்லாம் சீராக்கி அச்சிட ஆரம்பிச்சார். தமிழ்நாடு அரசு 1978-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில ஏத்துக்கிச்சு. அச்சுக்கும் டைப்ரைட்டருக்கும் வசதி, கத்துக்கிறதுக்கும் சுலபம். அதுக்கு முன்னாடி படிச்சவங்க பலர் கடைசி வரைக்கும் தும்பிக்கையை விடல. எங்க தாத்தா மாதிரி.

அன்னைக்கு அவன் அந்த லையை வரைஞ்சான். எழுதல, வரைஞ்சான். கண் வச்சான், தந்தம் வச்சான். மெதுவா, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஒரு பக்கம் முழுக்க. அத்தனை லையும் ஒரே அளவு. பத்து தடவை எழுதுன்னு நான் சொல்லவே இல்ல.

அப்புறம் செஞ்சது

உங்க வீட்டுல குழந்தை இருந்தா, இல்ல நீங்களே மாத்திக்க நினைச்சா, எங்களுக்கு வேலை செஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல உடம்பு. அவன் கால் தரையில படல, அதனால உடம்பு முழுக்க ஆடிச்சு. காலுக்குக் கீழ ஒரு முக்காலி போட்டோம். பென்சிலை அமுக்குற அமுக்குல தாளோட பின்பக்கம் தடவினாலே எழுத்து தெரியும். விரல் நீளத்துக்கு ஒரு குட்டிப் பென்சில் கொடுத்தேன். அதைக் கைமுழுக்க இறுக்கிப் பிடிக்க முடியாது, மூணு விரல்தான் வரும்.

அடுத்தது எழுத்து. 247-ன்னு சொன்னா பயமா இருக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31 உருவம் வந்தா, மீதி பெரும்பாலும் கால், கொம்பு, விசிறி சேர்க்கிறதுதான். ட, ப, ம மாதிரி நேர்க்கோடு உள்ளதுல தொடங்கினோம். படம், பட்டம், மடம், மட்டம்னு அப்பவே வார்த்தை எழுதலாம். வளைவு எல்லாம் அப்புறம்.

உகர வரிசைதான் அவனைப் படுத்திச்சு. உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தா மூணே குடும்பம். சு, பு, யு, வு, ஙு ஒரு குடும்பம், கோடு நேரா கீழ இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொண்ணு, சுத்தி வளைக்கும். து, நு, ணு, னு, லு, று, ஞு மூணாவது, கீழ போய் மேல ஏறும். 5, 6, 7, மொத்தம் 18. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம்தான்.

மூணாவது பாடம் ஒரு பெரியவர்கிட்ட கிடைச்சது. எங்க ஊர்ல பூட்டுக் கடை, மளிகைக் கடைக்கெல்லாம் போர்டு எழுதினவர். ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் பிரஷ்ஷுக்கு வேலை போச்சு. இவனைக் கூட்டிட்டுப் போனேன். சுவத்துல சாக்பீஸ் தடவின நூலை இழுத்துப் பிடிச்சு, சுண்டி விட்டு, மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு போட்டார். "எழுத்தைப் பாக்காத தம்பி. எழுத்துக்கு நடுவுல இருக்கிற வெள்ளையைப் பாரு. அது சமமா இருந்தா எழுத்து தன்னால அழகாயிடும்"னார்.

அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் எழுத்து மாறிடுச்சு. ஆமா, ரெண்டு பேருக்கும். தினமும் பத்து நிமிஷம், எதிரெதிரே உட்கார்ந்து, அவன் நோட்டை நான் திருத்துவேன், என் நோட்டை அவன் திருத்துவான். ஒரே விதி: தப்பைச் சுழிக்கக் கூடாது, அந்தப் பக்கத்துலயே நல்லா வந்த ஒரு எழுத்தைத் தேடி அதைச் சுழிக்கணும். என் முதல் பக்கத்துல அவனுக்கு ரொம்ப நேரம் எதுவும் கிடைக்கல. கடைசியா ஒரு 'ட'வைச் சுழிச்சுட்டு, "பரவால்ல மாமா, நாளைக்கு வரும்"னான்.

28 வயசுல என் கை மாறும்போது, காலம் கடந்துடுச்சுன்னு காந்தி சொன்னதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

இப்போ

ஊரே மெச்சுற மாதிரி எல்லாம் மாறிடல. போட்டியில பரிசு வாங்கல. வேகமா எழுதினா இன்னும் கோணுது. ஆனா திங்கக்கிழமை வயித்து வலி இல்ல. நோட்டு பைக்குள்ள இருக்கு. மலைக்கோட்டையைப் பத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கான்னு அக்கா சொன்னாங்க. அதுல ஒரு இடத்துல "மலை"ன்னு எழுதும்போது தும்பிக்கை போட்டுட்டானாம். மிஸ் அதைச் சுழிச்சு, "இது என்ன?"ன்னு கேட்டிருக்காங்க. "எங்க தாத்தா லை, மிஸ்"ஸுன்னு சொல்லிட்டு வந்திருக்கான்.

போன மாசம் பெங்களூருக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. 50 காசு கார்டு, திண்டுக்கல் முத்திரை. நலம், நலமறிய ஆவல், அப்புறம் கிரிக்கெட் பேட் வேணும். கீழ ஒரு வரி: "மாமா, பதிலைக் கையால எழுதவும். நல்ல எழுத்தைச் சுழித்து அனுப்புகிறேன்."

இன்னும் பதில் போடல. மூணு தாள் எழுதிக் கிழிச்சுட்டேன். இன்னைக்கு ராத்திரி எப்படியும் போட்டுடணும். நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்க. யாருக்காவது, எதையாவது. கோணலா வந்தாலும் கிழிக்காதீங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.