இரண்டு ஏற்றங்கள் நேருக்கு நேர் வந்தால்
(சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி பேசுங்கள்" என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். "எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி" என்பதை மூன்று தடவை சொன்னார். ஆகவே என் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் நிற்கும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன். அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய இருவரைப் பற்றியும் சொல்கிறேன். ஒருவர் நம் நாட்டுத் தமிழர். மற்றவர் ஒரு சீனப் பெண்.

கேள்வி இதுதான். மறை ஏற்றமுள்ள ஓர் இலத்திரனையும் நேர் ஏற்றமுள்ள ஒரு துணிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கும். நேர்கோட்டில் எதிரெதிராக விட்டால் என்ன நடக்கும்?

சாதாரண தரப் பிள்ளையிடம் கேட்டால் "மோதும்" என்பாள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்றமுள்ள துணிக்கை ஆர்முடுகும்போது கதிர்ப்பை வெளிவிடும். அதற்கான சக்தி அதன் கையிலிருந்துதான் போக வேண்டும். தண்ணீருக்குள் கையை வேகமாக வீசினால் அலை எழும்புகிறது, அலையை எழுப்பிய செலவு நம் கைக்குத் தெரிகிறது அல்லவா? அதுபோல, இலத்திரன் தான் எழுப்பிய கதிர்ப்பினாலேயே ஓர் எதிர்விசையைப் பெறுகிறது. இந்த எதிர்விசைக்குக் கேம்பிரிட்ஜில் இருந்த போல் டிராக் 1938 இல் ஒரு சமன்பாடு கொடுத்தார். பார்க்க அழகான சமன்பாடு. அதைக் கொண்டு அந்தச் சின்னக் கேள்விக்கு விடை காணப் புறப்பட்டவர்தான் டிராக்கின் மாணவர் கிறிஸ்டி ஜெயரட்ணம் எலியேசர்.

இந்தப் பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பில். யாரோ ஐரோப்பிய யூதர் என்று எண்ணிக்கொண்டேன். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர் என்று பல காலம் கழித்துத்தான் தெரிந்தது. 1918 இல் பிறந்து, கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்து, புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் போய், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் டிராக்கின் கீழ் ஆராய்ச்சி செய்தவர். 1949 இல், முப்பத்தொரு வயதளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக நாடு திரும்பினார். பின்னர் மலாயா, அதன் பின் மெல்பேர்ண். 2001 இல் காலமானார். இந்த நாட்டில் பௌதிகவியல் படித்த எனக்கு ஒரு வகுப்பறையிலும் அவர் பெயர் சொல்லப்படவில்லை. அது என் காதின் குறையாகவும் இருக்கலாம்.

அவருடைய விடை 1943 இல் வெளியானது. டிராக்கின் சமன்பாட்டின்படி, நேர்கோட்டில் புரோத்தனை நோக்கிப் போகும் இலத்திரன் அதை அடைவதே இல்லை! பாதி வழியில் வேகம் குறைந்து, நின்று, திரும்பி, தன்னை ஈர்க்கும் புரோத்தனை விட்டே மேலும் மேலும் வேகமாக ஓடிப்போகிறது. யாரும் தள்ளவில்லை. சக்தி எங்கிருந்து வருகிறதென்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை.

பிள்ளைகளே, பரீட்சையில் இப்படி ஒரு விடை வந்தால் நாம் என்ன செய்வோம்? அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம். எனக்குப் பத்தாம் வகுப்பில் கணிதம் சொல்லித் தந்த டீச்சர் அழிக்க விடமாட்டார். "கோடு போட்டு வெட்டு. அழிக்காதே. ஏன் வந்ததென்று நான் பார்க்க வேண்டும்" என்பார். எலியேசரும் அழிக்கவில்லை. தன் பேராசிரியரின் சமன்பாட்டுக்குள் இப்படி ஒரு விடை இருக்கிறது என்று அச்சிலேயே போட்டார். இருபத்தைந்து வயதில், டிராக் போன்ற ஒருவரிடம் படித்துக்கொண்டே அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். (அதைக் கேம்பிரிட்ஜின் சஞ்சிகையிலேயே வெளியிட முடிந்தது டிராக்கின் பெருந்தன்மையையும் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.)

கோளாறு எங்கே? நியூட்டனின் கணக்கில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். டிராக்கின் சமன்பாட்டில் எதிர்விசை ஆர்முடுகல் மாறும் வீதத்தில் தங்கியிருக்கிறது. அதனால் தொடக்க ஆர்முடுகல் என்ற மூன்றாவது தகவலையும் கொடுக்க வேண்டும். அந்தக் கதவு வழியாகத்தான் ஓட்டம் பிடிக்கும் இலத்திரன் உள்ளே வருகிறது. 1948 இல் எலியேசர் அந்தக் கதவை மூடிய வேறொரு வடிவத்தை எழுதினார். 1991 இல் போர்ட், ஓ'கொனெல் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் குவாண்டம் கொள்கையிலிருந்து தொடங்கி, அதே வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதனால்தான் இன்று சிலர் அந்தச் சமன்பாட்டுக்கு மூவரின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். மிகக் கடுமையான லேசர் ஒளிக்குள் இலத்திரன்களைச் செலுத்தி இந்த எதிர்விசையை ஆய்வுகூடத்தில் பார்க்க முடிந்தது அண்மையில், 2018 அளவில்தான்.

சரி, கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையில் எதிரெதிர் ஏற்றங்கள் இரண்டு சந்தித்தால் என்ன ஆகிறது? எலியேசரின் கேள்வியில் புரோத்தன் இருந்த இடத்தில் பொசித்திரனை வைத்துப் பாருங்கள். பொசித்திரன் இலத்திரனின் மறுவடிவம். திணிவு அதேதான், ஏற்றம் மட்டும் நேர். இவை இரண்டும் சந்தித்தால் மோதித் தெறிப்பதும் இல்லை, திரும்பி ஓடுவதும் இல்லை. இரண்டுமே இல்லாமற்போகின்றன. அந்த இடத்திலிருந்து இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் புறப்படுகின்றன. நோயாளிகளுக்கு எடுக்கும் பெட் ஸ்கேன் இந்த இரட்டைக் கதிர்களைப் பிடித்துத்தான் உடம்புக்குள் படம் வரைகிறது.

இங்கே பழைய கணிதம் முடிந்து, குவாண்டம் தொடங்குகிறது. நம் காலத்துப் பாடநூலில் சத்திச்சொட்டு என்று படித்தோம். இப்போது எல்லாரும் குவாண்டம் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அந்த இரண்டு கதிர்களுக்கும் முனைவாக்கம் என்ற ஒரு பண்பு உண்டு. அதிர்வு எந்தப் பக்கமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்கை என்ன சொல்கிறதென்றால், ஒன்று எந்தப் பக்கம் நின்றாலும் மற்றது அதற்குச் செங்குத்தாக நிற்கும். ஆனால் அளந்து பார்க்கும்வரை இரண்டில் எதற்கும் தனக்கென்று ஒரு பக்கம் கிடையாது. இதற்குத்தான் குவாண்டம் பின்னல் என்று பெயர். நமக்குப் பின்னல் என்றால் காலையில் அம்மா இழுத்துக் கட்டிவிடும் இரட்டைப் பின்னல்தான். அதை அவிழ்த்தால் கூந்தல் தனித்தனிப் புரிகளாகப் பிரியும். இதில் தனித்தனிப் புரியே இல்லை.

"இரண்டும் புறப்படும்போதே பேசி வைத்துக்கொண்டு போயிருக்கும்" என்று நீங்கள் நினைக்கலாம். ஐன்ஸ்டைனும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். இரட்டைச் சகோதரிகள் விடைகளை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு, வெவ்வேறு பரீட்சை மண்டபங்களில் போய் அமர்வதைப் போல. 1964 இல் ஜோன் பெல் என்பவர் காட்டினார்: வினாக்கள் கடைசி நேரத்தில் மாற்றி மாற்றிக் கேட்கப்பட்டால், எவ்வளவு தந்திரமாகப் பேசி வைத்தாலும் விடைகள் ஒத்துப்போவதற்கு ஓர் எல்லை உண்டு. ஒளித் துணிக்கைகள் அந்த எல்லையை மீறுகின்றன. அதைப் பரிசோதனையில் காட்டிய கிளௌசர், அஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை வைத்துச் செய்தி அனுப்ப முடியாது. தொலைக்காட்சியில் சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள்.

ஆனால் பொசித்திரன் தந்த அந்த இரட்டைக் கதிர்களை முதலில் திருத்தமாக அளந்தவர் சியென்-ஷியுங் வூ. நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், தன் மாணவர் ஷாக்னொவுடன் செய்தார். செம்பைக் கதிர்த்தொழிற்பாடுள்ளதாக்கிப் பொசித்திரன்களைப் பெற்றார்கள். இரு கதிர்களையும் சிதறவிட்டு, எண்ணிகளைச் செங்குத்தாக வைத்தபோதும் சமாந்தரமாக வைத்தபோதும் எத்தனை சோடிகள் வருகின்றன என்று எண்ணினார்கள். அவர்களுடைய அமைப்புக்குக் கொள்கை சொன்ன விகிதம் 2.00. அவர்கள் அளந்தது 2.04, வழு 0.08. 1950 சனவரியில் வெளிவந்தது ஒரு சின்னக் கடிதம்தான். பெல்லின் சோதனைக்கு அது போதாது. ஆனாலும் பின்னிய ஒளிச் சோடி ஒன்று ஆய்வுகூடத்தில் முதலில் பிடிபட்டது அங்கேதான் என்று 1957 இல் போம், அகரனொவ் இருவரும் எடுத்துக்காட்டினார்கள்.

வூ 1912 இல், ஷங்ஹாய்க்கு அருகே லியூஹே என்ற சிற்றூரில் பிறந்தவர். அவ்வூரில் பெண்களுக்குப் பாடசாலை இருக்கவில்லை. தந்தையே ஒன்றை நிறுவினார். அதற்கு மேல் படிக்க சூசோ நகரத்து விடுதிக்குப் போனார். ஆசிரியப் பயிற்சிப் பிரிவில் கட்டணம் இல்லை, அதனால் அதில் சேர்ந்தார். அங்கே விஞ்ஞானம் குறைவு. மற்றப் பிரிவுத் தோழிகளின் கணித, பௌதிகப் புத்தகங்களை இரவில் வாங்கி வைத்துத் தானாகப் படித்தார். 1936 இல் அமெரிக்கா போனவர், பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை. 1957 இன் நோபல் பரிசு அவர் பரிசோதனையால் நிரூபித்த கொள்கைக்காக இரு ஆண்களுக்குப் போனது, அவருக்கு இல்லை. 1997 இல் இறந்த பின் அவருடைய சாம்பலைத் தந்தையின் பாடசாலை முற்றத்தில் அடக்கம் செய்தார்கள். பழைய மாணவிகளுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரவல் புத்தகம் என்றதும் எனக்கு ஒருத்தி ஞாபகம் வருகிறாள். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள், பெயர் சொன்னால் எழுந்து போய்விடுவாள். கணிதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. டீச்சர் பலகையில் வினாவை எழுதி முடிக்கும் முன்னர் இவள் கொப்பியில் விடை இருக்கும். அந்நாட்களில் உயர்தரக் கணிதப் பிரிவு இங்கே இருக்கவில்லை. புகையிரதப் பாதை முடியும் ஊர் நமது மாத்தளை. தூய கணிதமும் பிரயோக கணிதமும் படிக்க அதே பாதையில் கண்டிக்குப் போக வேண்டும். கண்டியில் எனக்கு ஒரு சித்தி இருந்தார். அவளுக்கு இருக்கவில்லை. றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், விடுதிக் கட்டணத்துக்கு எங்கே போவாள்? வர்த்தகம் படித்தாள். வங்கியில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். நல்ல வாழ்க்கைதான், குறை சொல்ல நான் யார்? ஆனால் நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் பிரயோக கணிதப் புத்தகத்தை இரண்டு நாளைக்கு இரவல் கேட்பாள். எதற்கென்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இன்று நமது கல்லூரியில் கணிதப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. வசதியுள்ள பிள்ளைகள் டியூஷனுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் கலைப் பிரிவுக்கு மாறுகிறார்கள்.

நூற்றாண்டு நிதியில் முன்வாசலில் ஒரு வளைவு கட்டும் யோசனை இருப்பதாக அறிகிறேன். வளைவுக்கு நான் எதிரி அல்ல. படத்தையும் பார்த்தேன், வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன், அந்தப் பணத்தில் மூன்று வருடத்துக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியரின் சம்பளத்தையும், தோட்டத்துப் பிள்ளைகளின் பஸ் செலவையும் ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்கிறேன். இன்று மாலைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே முன்வைப்பேன். யாராவது வழிமொழிய வேண்டும்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் கணினி வழியாக இணைந்த கணித வகுப்பை நான் எடுக்கிறேன். எனக்கு அங்கே இரவு நேரமாக இருக்கும், பரவாயில்லை. பௌதிகவியலுக்கு இன்னும் இருவர் தேவை. கனடாவிலும் லண்டனிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் பொறியியலாளர் அக்காமார், தங்கைமார், செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கொப்பிகளைத் திருத்த ஒருத்தி ஏற்கெனவே சம்மதித்துவிட்டாள். வங்கியிலிருந்து ஓய்வுபெற்று விட்டாளாம், நேரம் நிறைய இருக்கிறதாம்.