பழங்கதவும் நம் இல்லமும்

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பிரிக்கப்பட்ட வீடுகளிலிருந்து விலைக்கு வரும் நிலைகளையும் கதவுகளையும் வாங்கி, நம் பழைய இல்லங்களில் பொருத்துவது பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்துள்ளோம். இது தச்சரோடு பேசி முடிக்கவேண்டிய காரியந்தானே, இதற்கொரு கூட்டமும் வேண்டுமோ எனச் சிலர் வினவக்கூடும். கதவு வாங்குவது ஒருவர் தம் சொந்தக் காரியமே. ஆயினும், அக்கதவு எந்த வீட்டிலிருந்து, எவ்வாறு வந்தது என்பது நகரத்தார் சமூகம் முழுமைக்கும் உரிய விஷயமாகும்.

நம் பெரிய வீடுகளுட் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையே எழுந்தவை. பர்மா, மலேயா, இலங்கை முதலிய தேசங்களில் ஈட்டிய பொருள் அவற்றிற்கு முதலாயிற்று; பர்மாத் தேக்கு அவற்றின் தூணும் நிலையும் கதவும் ஆயிற்று. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைக்கொண்டதும், 1948-இல் பர்மாவில் நிலங்களைத் தேசவுடைமையாக்கும் சட்டம் பிறந்ததும் அச்செல்வத்தின் வேரை அறுத்தன. வீடுகள் நின்றன, பேணுதற்குப் பொருளும் ஆளும் குறைந்தன. ஒரு வீட்டிற்குப் பங்காளிகள் பலர். அவர்கள் வாழும் ஊர்களும் பல. ஓடு மாற்றும் செலவைப் பகிர்ந்துகொள்வதில் ஏற்படாத இணக்கம், விற்றுப் பகிர்ந்துகொள்வதில் எளிதில் ஏற்பட்டுவிடுகின்றது. அங்ஙனம் பிரித்த வீடுகளின் உறுப்புக்களே காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன.

2014-ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் நிகழ்ந்தன. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வாண்டு ஏப்பிரல் 1-ஆம் நாள் முதல், அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதைப் பர்மா அரசு தடுத்துவிட்டது. ஒன்று நம் வீடுகளின் பெருமையை உலகிற்கு அறிவித்தது. மற்றொன்று பழந்தேக்கைத் தேடுவோர்க்கு மேலும் ஒரு காரணம் தந்தது. பெருமையும் ஆபத்தும் ஒருங்கே வந்தன என்க.

ஆதலின் முதல் விதி இது: நிற்கின்ற வீட்டிலிருந்து கழற்றித் தருவதாகக் கூறும் கதவை வாங்கலாகாது. முன்பணம் பெற்றுக்கொண்டு, இன்ன வீட்டு நிலையை அடுத்த மாதம் தருகின்றேன் என்று கூறுவாரும் உளர். அந்த முன்பணமே வீட்டை இடிக்கும் கடப்பாரையாகும். விழுந்துபோன வீட்டின் கதவுக்கு இடங்கொடுத்தல் புண்ணியம். நிற்கும் வீட்டின் கதவுக்கு விலை பேசுதல் அவ்வீட்டிற்கு நாட்குறித்தலாகும். கோயிற் கதவென ஐயம் எழின் தொடவே வேண்டா. வந்த வழியை எழுத்தில் பெற்று, ரசீதைப் பேணுக. அன்றியும், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். கடல் கடந்து வாழும் நம் மக்கள், தம் ஆயா வீட்டுக் கதவே ஆயினும் இதனை மறத்தல் கூடாது.

நிற்க. இனிப் பொருத்தும் முறையைக் கூறுவோம். நம் பழங்கதவுகளுட் பல கீலில் ஆடுவன அல்ல, குடுமியில் சுழல்வன. கதவின் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமிகள் நிலையின் குழிகளில் அமர்ந்திருக்கும். தேக்கு, கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ நிறையுடையது. 7 அடி உயரமும் 2 அடி அகலமும் 2 அங்குலக் கனமும் உள்ள ஒரு கதவு 40 கிலோவுக்கு மேல் நிறுக்கும். பித்தளையும் இரும்பும் சேரின் இன்னும் கூடும். குடுமியில் நிற்கும்போது இப்பாரம் நேரே கீழ்ப்படியில் இறங்குகின்றது. குடுமியை அறுத்துவிட்டுக் கீல் வைத்தாலோ, பாரம் முழுவதும் சில திருகாணிகளைப் பக்கவாட்டில் இழுக்கும். நாளடைவில் கதவு தொங்கித் தரையை உராயும். ஆதலின் நிலையையும் கதவையும் பிரியாமல் வாங்குக. கதவு மட்டும் கிடைக்குமாயின், அதற்கேற்ற குழிகளுடன் புது நிலை செய்விக்க.

இரண்டாவது, கதவுக்காகச் சுவரை மனம்போல் இடித்தலும், வாசலுக்காகக் கதவை அறுத்தலும் ஆகா. முன்பே கதவிழந்து நிற்கும் வாசல் நம் வீடுகளில் எத்தனையோ உண்டு. அதனை அளந்துகொண்டு, அந்த அளவோடு கடைக்குச் செல்க. நிலை சிறிதாயின் சுற்றிலும் தேக்குச் சட்டம் சேர்க்கலாம். பின்னர் வேண்டாவெனின் அதனை எடுத்தும் விடலாம். அறுத்ததை ஒட்டவைத்தல் அரிது. வாசலைச் சிறிதேனும் அகலப்படுத்த நேரின், மேற்சுவருக்கு முட்டுக் கொடுத்த பின்னரே கொத்தனார் கைவைத்தல் வேண்டும்.

மூன்றாவது, சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு இட்டு நிலையை இறுக்குதல் தவறு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டோ அவ்வீரத்தை மரத்தின் பக்கமே தேக்கிவைக்கும். தேக்கின் வயிரம் கரையானுக்கு எளிதில் இடங்கொடாது, வெளிமரம் இடங்கொடுக்கும். ஆகவே சுவருக்குள் மறையும் பக்கத்தைத் தட்டிப் பார்த்து, உளுத்ததை நீக்கி, மருந்து பூசிச் சுண்ணாம்புக் காரையிலேயே பதிக்க. வறண்ட நம் சீமையிலிருந்து சென்னை போன்ற கடற்கரை ஊருக்குக் கொண்டுசெல்லும் கதவைச் சில வாரம் வீட்டினுள்ளேயே நிறுத்திவைத்து, அவ்விடத்துக் காற்றுக்குப் பழகிய பின் பொருத்துதல் நன்று.

நான்காவது, பழஞ்சாயத்தில் ஈயம் இருத்தல் கூடும். வீட்டுச் சாயங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாது கட்டுப்படுத்தும் இந்திய விதி 2016-இல்தான் பிறந்தது. எனவே பழஞ்சாயத்தை நெருப்பால் பொசுக்குவதும், உலர்ந்தபடியே தேய்ப்பதும் கேடு. நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றியெடுத்து, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அகற்றிவைத்துச் செய்க.

கீழ்ப்படி முதியோர் காலைத் தடுக்கின்றதே என்பார்க்கும் விடையுண்டு. அப்படியே கீழ்க்குடுமியைத் தாங்கி, இரு கால்களும் விலகாமல் பிணிப்பது. அதனை அறுத்தால் நிலையே கோணும். இருபுறமும் சரிவான பலகை இட்டால் கதவும் பிழைக்கும், ஆயாவும் இடறார்.

பெரியோர்களே! நம் வளவைச் சூழ்ந்த அறைக் கதவு ஒவ்வொன்றும் வெறும் மரமன்று. மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் அறை ஒதுக்கி, ஒரே கூரையின்கீழ்த் தனித்தனிப் புள்ளிகளாக வாழவைத்தனர் நம் ஐயாக்கள். அக்கதவுகள் கடைத்தெருவில் வரிசையாகச் சாய்ந்து நிற்பது, பங்காளிகள் நாம் ஒருவரோடொருவர் பேசாமையின் கணக்கேயாகும். ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டு நிலைகளை எண்ணி, அளந்து, படமெடுத்துப் பங்காளிகள் அனைவரிடமும் ஒவ்வொரு படி இருக்கச் செய்க. விற்றே தீரவேண்டுமெனின் முதலில் பங்காளிகளிடமும், பின்னர் ஊராரிடமும் கேட்டு, அதன் பின்னரே கடைக்காரரை அழைக்க. பொருத்துவோர், எந்த ஊர் வீட்டுக் கதவு, எந்த ஆண்டில் வைத்தது என்பதை நிலையின் மறைபுறத்தில் எழுதிவைக்க. பின்வரும் பேரன்மார்க்கு அவ்வொரு வரியே அவ்வீட்டின் வரலாறாக நிற்றல் கூடும்.